பேஸ் கிற்றார்: பெயர் தெரியவில்லை

1

மாசி மாதம், காலை ஏழு மணி. வேலைக்குப் போகிற ட்ராமில் உட்கார இடம் கிடைத்த நிம்மதியில் கண்ணை மூடியிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ரெக்ஸ் வொயிஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

“மச்சான் பாலா, நிண்டுகொண்டு கேக்காத, இருந்துகொண்டு கேள். எங்கட கசெற் இருக்குதெல்லோ? அதை ஒருத்தன் ரெக்கோர்ட் அடிக்கப்போறானாம். மெய்யாத்தான்டா. கறுப்புத் தட்டு, பெரிய கவர், எல்லாம். ஆள் எங்க இருக்கிறான் எண்டு நினைக்கிற? உன்ட ஜேர்மனியில!”

பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம். இடையில் த்ரீவீலர்காரனிடம் “பொட்டக் இன்ன, மல்லி” என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். பிறகு எனக்கு, “மூண்டு பேரும் சைன் வைக்கோணுமாம். உனக்கும் போம் வரும், நிரப்பி அனுப்பு” என்று முடித்துவிட்டான்.

ரெக்ஸ் என் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். பெயர் ‘டபுள் ஷிஃப்ட்’. ரெக்ஸுக்குப் பாட்டும் கிற்றாரும், நஸீருக்கு ட்ரம்ஸ், எனக்கு பேஸ் கிற்றார். இதை நான் இன்றுவரை எங்கும் எழுதியதில்லை, யாருக்கும் சொன்னதுமில்லை. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு. இதை வாசிக்கிறவர்களில் என்னை இங்குள்ள ஊர்ச் சங்கத்தில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் அறிந்திருப்பது வேறு ஓர் ஆளை. மற்றவர்களின் பெயர்களை மாற்றி எழுதுகிறேன். என் பெயரை மாற்றவில்லை.

மெசேஜைக் கேட்டு முடித்தபோது சந்தோஷம் வரவில்லை. இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டு, இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி, பனியில் திரும்பி நடந்தேன்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. களைத்துப்போகிற நேரத்தில், ஆமாம் என்று சொல்ல, ஜேர்மன் ‘யா’வுக்குப் பதிலாக வாயில் எங்கள் ‘ஓம்’ வந்துவிடும். தலைமைச் சமையற்காரி உடனே கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்துத் தியானம் செய்கிற மாதிரி நிற்பாள். இந்தப் பகிடியும் இருபத்தாறு வருடமாக ஓடுகிறது. சிரித்துச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது.

அன்றைக்குக் கரட் வெட்டிக்கொண்டே வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. அங்கே ஒரு மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. கலியாணப் பாட்டும் வானொலிக்கான மரண அறிவித்தலும்தான் அங்கே வழமையாகப் பதிவாகும். சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கும். கூடத்துக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்டவாளம் பின்மதிலுக்கு அங்கால்தான் என்பதால், கரையோரக் கோச்சியின் நேர அட்டவணையைக் கதவின் உட்பக்கம் ஆணியடித்து வைத்திருந்தார். ஒரு கோச்சி போய் அடுத்த கோச்சி வருவதற்குள் பாட்டு முடிய வேண்டும். முடியாவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து.

“தம்பிமார், மாத்தறைக் கோச்சி வரப்போகுது. மூண்டு நிமிசம் இருக்கு. பாடுறதெண்டா இப்பவே பாடுங்கோ.”

அதனால்தான் எங்கள் பாட்டுகள் எல்லாம் இரண்டரை நிமிடம். ரெக்கோர்ட் போடும் ஜேர்மன் பொடியன், பெயர் யான், கவருக்கு எழுதிய அறிமுகத்தில் இந்தச் சுருக்கத்தைப் பெரிய கலைக் கொள்கை என்று புகழ்ந்திருந்தான். கொள்கை கோச்சிக்காரருடையது. நாங்கள் வாசித்ததற்கு ‘போஸ்ட் பங்க்’ என்று பெயர் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்தது ஒரு கசெற் மட்டும்தான். ரெக்ஸின் அப்பா துறைமுகத் தொழிலாளி, அநேகமான நாட்களில் டபுள் ஷிஃப்ட். ஒரு கப்பல்காரனிடமிருந்து கசெற் ஒன்று கொண்டுவந்தார். அதில் வெள்ளைக்காரப் பொடியன்கள் சிலர் இரண்டே ஸ்வரத்தில் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே பெயர் இல்லை. யாரென்றே தெரியாத அவர்களைக் கேட்டுத்தான் பழகினோம். கோபம் எங்களிடமும் தாராளமாக இருந்தது. கலியாண வீடுகளில் ஆடுகிற பைலா ஒழுங்காக வாசிக்க வராததும் ஒரு காரணம்.

ரெக்ஸ் எழுதியதெல்லாம் எங்கள் ஒழுங்கையைப் பற்றி. ‘குழாயில தண்ணி வரேல்ல, வந்தா நான் வீட்டில இல்ல’ என்று ஒரு பாட்டு. அந்த ஒரு வரியையே பாட்டு முடியும்வரை சொல்லுவான். அடியில் என் பேஸ் போய்க்கொண்டிருக்கும். அது ஒரு கலியாண பேண்டிடம் இரவல் வாங்கியது. நாலு நரம்பில் ஒன்று இல்லை.

கடைசிப் பாட்டின்போது மாத்தறைக் கோச்சி அட்டவணையை மதிக்காமல் வந்துவிட்டது. மாஸ்டர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நஸீர் கூடத் தடுமாறினான். ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கோச்சிக்கு மேலால் கத்தினான். நானும் விடவில்லை. ஒலிநாடா முடிந்துவிட்டதால் அதையே வைத்துக்கொண்டோம்.

வெள்ளவத்தையில் ஒரு கசெற் கடையிலும் கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனிலும் விற்பனைக்கு வைத்தோம். கொஞ்சம் போனது. மிச்சத்தை ரெக்ஸ் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டான். யானின் கையில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. கசெற் கடைக்காரரின் மகன் மூலம்தான் ரெக்ஸைப் பிடித்திருக்கிறான்.

3

போம் வந்தது. நாலு பக்கம். முழுப்பெயர், பிறந்த இடம், ஒலிப்பதிவு நடந்த காலத்தில் வசித்த இடம், கடவுச்சீட்டின் பிரதி. யானுக்கு முப்பது வயதிருக்கும். எடுத்த எடுப்பிலேயே என்னை ‘நீ’ என்று எழுதியிருந்தான், கலைஞர்களுக்குள் இங்கே அப்படித்தானாம். நான் ‘நீங்கள்’ போட்டுத்தான் பதில் எழுதினேன். அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை, அதற்கு வேறு ஜேர்மன் வராது.

இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டேன்.

என் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்று வடக்கிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. அது அம்மாவின் ஊர். வாழ்க்கையில் இரண்டு தரம் அங்கே போயிருக்கிறேன், இரண்டு தரமும் வயிற்றோட்டம். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் கொட்டாஞ்சேனை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் கதவை உடைத்ததும் கொட்டாஞ்சேனையில்தான். அப்பாவின் தலையில் பொல்லடி விழுந்ததும் அங்கேதான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடம் அதே வீட்டில் இருந்தோம், அந்தக் காலத்தில்தான் இந்தக் கசெற்றும். பிறகு நான் வெளிநாடு போவது என்று முடிவானது. முன்னால் போனவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள். அகதி விசாரணையில் கொழும்புக்காரன் என்றால் கொழும்பிலேயே இருக்கலாமே என்று திருப்பிவிடுவார்கள், வடக்கு என்றால்தான் காது கொடுப்பார்கள் என்று. எனக்கு நடந்த உண்மை ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு நடக்காத ஒன்றைப் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அதைத் தட்டச்சு செய்து தந்தவன் ரெக்ஸ். அப்போது அவன் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். பிறப்புப் பதிவு எரிந்துபோய்விட்டது, என் மகன் இன்ன கிராமத்தில் பிறந்தான், அங்கேயே வளர்ந்தான், கொழும்பில் ஒருபோதும் வசித்ததில்லை என்று அம்மாவின் பெயரில் ஒரு சத்தியக் கடதாசி. அம்மா கையெழுத்து வைத்தார். பிறகு கோர்ட்டுக்கு முன்னால் இருந்த சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் பிளேன்ரீ குடித்தோம்.

“சரி மச்சான், இனி நீ பேஸ் வாசிச்சதும் இல்லை, என்னைத் தெரியவும் தெரியாது” என்றான் ரெக்ஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

4

பொய்யை ஒரு தரம் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கவும் வேண்டியிருந்தது.

விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் ஊர்ப் பக்கத்து ஆள். அவர் மூலம் ஊர்ச் சங்கத்துக்கு என் பெயர் போய்விட்டது. வருடாவருடம் ஒன்றுகூடல். பெரிய கிணற்றடியைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும், மற்றவர்கள் கூச்சப்படுவார்கள், நான் எழும்பிப் பேசிவிடுவேன். பயந்தவன் நிறையப் பேசுவான் அல்லவா? பாலா அண்ணையைப்போல ஊரை நினைத்து உருகுகிற ஆளைத் தான் கண்டதில்லை என்று தலைவர் ஒருமுறை மேடையில் சொன்னார். கைதட்டினார்கள். என் மனைவி சாந்தி மட்டும் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் உண்மையாகவே யாழ்ப்பாணம், எல்லாம் தெரிந்தவள்.

எங்களுக்கு ஒரே மகள், துளசி. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் ஊரை வரையச் சொன்னார்கள். கிணறு வரைந்தாள், பனை வரைந்தாள். பிறகு பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அப்பா, கிணத்தில இருந்து வீட்டுக்குப் போறதெண்டா இடமா, வலமா?”

நான் குசினிக்குள் போய்ச் சாந்தியைக் கேட்டேன்.

“உங்கட ஊரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ.”

இடம் என்று சொன்னேன். இடப்பக்கம் வீட்டை வரைந்தாள். அந்தப் படம் நெடுநாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் நகரத்தில் வேலை. முதலில் கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்தாள், பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம், இப்போது நினைத்தால் எடுப்பாள். கதைப்பது ஜேர்மனில். ‘சாப்பிட்டீங்களா’, ‘சரி வைக்கிறன்’ என்பவை மட்டும் தமிழில் மிஞ்சியிருக்கின்றன. அவளில் குறையில்லை. நானும் சாந்தியும் இரட்டை வேலை செய்த வருடங்களில் வீட்டில் தமிழ் கதைக்க ஆள் இருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே, உட்பக்கத்தில், பச்சை குத்தியிருந்தாள். ஒரு பனை, பக்கத்தில் சின்னதாய் ஒரு கிணறு.

“உங்கட ஊர், அப்பா.”

வடிவாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகவே போமைப் பார்த்துப் பயந்தது அரசாங்கத்துக்காக மட்டும் இல்லை. “பென்சன் எடுக்கப்போற கிழவனை ஆர் இனித் தோண்டிப் பாக்கப்போறான்?” என்று சாந்தி கேட்டது நியாயம்தான். என் பயம் துளசிக்கு. தகப்பனைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஊர் ஒன்றுதான், அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

5

யானுக்கு எழுதினேன். ரெக்கோர்ட் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. என் பெயர் வேண்டாம், கவரிலுள்ள படத்தில் என் முகமும் தெரிய வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

ஒரு கிழமையில் மாதிரி அட்டை வந்தது. துறைமுகக் கேட்டுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் நிற்கும் பழைய படம். என் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள், பத்திரிகையில் சந்தேக நபர்களைப் போடுகிற மாதிரி. பின்பக்கத்தில்: பாட்டு, கிற்றார்: ரெக்ஸ். ட்ரம்ஸ்: நஸீர். பேஸ் கிற்றார்: பெயர் தெரியவில்லை.

இந்த நாட்டில் பெயர் தெரியாத ஆளுக்கும் ஒரு போம் உண்டு. மூன்றாமவரைத் தங்களுக்குத் தெரியாது, தேடியும் கிடைக்கவில்லை என்று மற்ற இருவரும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வத்தளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் நஸீர், “பாலாவுக்கு அதுதான் நல்லதெண்டா வச்சிட்டுப் போறன்” என்று சொல்லி அன்றைக்கே அனுப்பிவிட்டான். ரெக்ஸ் எனக்குப் போன் எடுத்தான்.

“உன்னைத் தெரியாதெண்டு நான் சைன் வைக்கோணுமோ?”

“அது சும்மா ஒரு போமாலிற்றி, மச்சான்.”

“ஒருக்கா உனக்காகப் பொய்க் கடதாசி அடிச்சனான். அப்ப உயிர்ப் பிரச்சினை. அடிச்சுப்போட்டு ஃபாதரிட்ட பாவசங்கீர்த்தனமும் செய்தனான். இப்ப என்ன பிரச்சினை? நீ கிழங்கு உரிக்கிறதை ஆர் மறிக்கிறான்?”

“துளசிக்குத் தெரியாதடா.”

அவன் பக்கத்தில் யாரோ சிங்களத்தில் மீன் விற்றுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“அப்ப பிள்ளைக்குச் சொல்லு. இல்லாட்டி எனக்கு ரெக்கோர்ட்டும் வேணாம், மண்ணும் வேணாம். நீ போய்ட்ட. நஸீர் ஆத்துக்கு அங்கால வத்தளைக்குப் போய்ட்டான். ஒழுங்கையில பழைய ஆள் எண்டு நான் மட்டும்தான். அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டாத்தான் நாங்க மூண்டு பேர் இருந்தம் எண்டு எனக்கே நம்பிக்கை வருது. அதில நீ இல்லையெண்டு நானே எழுதித் தரவோ? போடா.”

வைத்துவிட்டான். நான் திருப்பி எடுத்தேன், அவன் தூக்கவில்லை. அவன் சொன்னதெல்லாம் சரி என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. இரண்டு கிழமை இருவரும் கதைக்கவில்லை.

6

சித்திரையில் ஒரு நாள், குளிர் அறையில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ரெக்ஸிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டச்சுப் பொறியில் அடித்த கடதாசி. அந்தப் பொறியின் ‘ர’ எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், இப்போதும் நிற்கிறது.

“கொட்டாஞ்சேனையில் வசிப்பவனும் இளைப்பாறிய சட்டத்தரணிக் கிளார்க்குமாகிய ரெக்ஸ் என்னும் நான் உண்மையாகவும் நேர்மையாகவும் சத்தியம் செய்து கூறுவதாவது: பாலா என்று அழைக்கப்படும் சிவபாலன் என்பவரை எனக்கு ஆறு வயது முதல் தெரியும். அவர் எங்கள் ஒழுங்கையில் எட்டாம் இலக்க வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மேற்படி ஒலிப்பதிவில் பேஸ் கிற்றார் வாசித்தவர் அவரே. ஒரு நரம்பு இல்லாதிருந்தும் வாசித்தார். கோச்சி வந்தபோதும் நிறுத்தவில்லை. இதற்கு மாறாக நான் முன்னர் தட்டச்சு செய்த கடதாசி பொய்யானது.”

அடியில் கையெழுத்து. அதற்கும் அடியில் ஒரு மெசேஜ்: “இதை ஒருத்தருக்கும் அனுப்பேல்ல. உனக்கு மட்டும்தான். என்ன செய்யிறதெண்டு நீ பார்.”

விரல் விறைக்கும்வரை அந்தக் குளிருக்குள் நின்று மூன்று தரம் வாசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாந்தியின் பிறந்தநாள். துளசி வந்திருந்தாள். சாப்பிட்ட பிறகு, யான் அனுப்பிய பாட்டை ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டேன். கேக் தட்டோடு நின்று கேட்டாள்.

“இது யார்?” என்றாள் ஜேர்மனில். “பேஸ் நல்லாயிருக்கு. பிழை பிழையாய், ஆனால் நல்லாயிருக்கு.”

“அது நான்” என்றேன்.

முழுவதையும் தமிழில்தான் சொன்னேன். என் ஜேர்மனுக்குப் படிவம் நிரப்பத் தெரியும், இதைச் சொல்லத் தெரியாது. அவளுக்கு விளங்காத இடங்களில் சாந்தி ஜேர்மன் சொல் எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்ததும் துளசி கையைத் திருப்பிப் பனையைப் பார்த்தாள்.

“அப்ப இது?”

“அது என்ட அம்மாட ஊர். அதுவும் எங்கட…”

“நான் உங்கட ஊர் எண்டுதானே அப்பா குத்தினது.”

அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசிக் கேட்டு வருடக்கணக்காகிறது. அறை சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். மறுநாள் போக இருந்தவள் அன்று பின்னேர ரயிலுக்கே போய்விட்டாள். அவளுடைய கேக் துண்டு மேசையில் இருந்தது. சாந்தி அதை மூடி வைத்தாள்.

நான் போமை எடுத்தேன். முழுப்பெயர் எழுதினேன். பிறந்த இடம்: கொட்டாஞ்சேனை, கொழும்பு. கடவுச்சீட்டில் வேறு இடம் இருக்கிறது, இதுதான் சரி என்று பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டேன். முகத்தையும் தெளிவாகவே போடச் சொல்லி எழுதினேன். யான் நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். கடைசிப் பாட்டில் ஏதோ பெரிய இரைச்சல் கேட்கிறது, அதைத் துடைத்துவிடவா? வேண்டாம், அது மாத்தறைக் கோச்சி என்று எழுதினேன்.

7

ஐந்து கிழமை துளசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது? ரெக்ஸ் ஒவ்வொரு நாளும் காலையில் “பிள்ளை கதைச்சதா?” என்று கேட்டு அனுப்புவான். இல்லை என்று போடுவேன். ஒரு மெழுகுதிரிப் படம் வரும், கோயிலில் கொளுத்தியிருப்பான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். சாந்தி குசினியில் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் துளசி வந்தாள். முகம் தெரியவில்லை, கைபேசியைக் கணினித் திரைக்கு நேரே பிடித்திருந்தாள். தெருவில் நடந்து போகிற மாதிரிப் பார்க்கும் வரைபடம் ஒன்று திரையில் இருந்தது.

“அப்பா, நான் கொட்டாஞ்சேனையில நிக்கிறன்” என்றாள். தமிழில்.

பெரிய தேவாலயத்தின் முன்பக்கம். வெயில். ஒரு த்ரீவீலர், குடை பிடித்த ஒரு மனுசி, இருவரும் அப்படியே உறைந்துபோய் நின்றார்கள்.

“எட்டாம் நம்பர் வீடு இப்ப இருக்காது, பிள்ளை. ஃபிளாட் கட்டியிருப்பாங்கள்.”

“இருக்கிறதைப் பாப்பம். எப்பிடிப் போறது?”

“நேரே போ.”

போனாள். படம் துள்ளித் துள்ளி நகர்ந்தது. சலூன் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. தண்ணீர்க் குழாய் இருந்த மூலையில் ஒரு பாமசி. அவள் நின்றாள். அந்த இடத்தில் தெரு இரண்டாகப் பிரிகிறது.

“இடமா, வலமா?”

பழக்கத்தில் குசினிப் பக்கம் திரும்பினேன். சாந்தி உலக்கையைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

“என்னைப் பாக்காதேங்கோ” என்றாள்.

“வலம்” என்றேன். “வலம், பிறகு உடன இடம். மெல்லப் போ பிள்ளை, அந்த மூலையில கழிவுத்தண்ணிக் கான் திறந்து கிடக்கும்.”

துளசி மெல்லப் போனாள்.